ஒரு வரக்காப்பி, ரெண்டு டம்ளர்: பசியைப் பற்றி மேடையில் எப்படிப் பேசுவது?

சேலத்துப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் உட்காருகிற பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. தலைப்பு குழந்தைகளின் பசியைப் பற்றியது என்று தெரிந்துவிட்டால், மதிப்பெண் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொள்வேன். ஒருவனுக்குச் சோறில்லை என்றால் உலகத்தையே அழித்துவிடச் சொல்லும் அந்தக் கவிதை வரியை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணத்தான். ஒருமுறை பதினான்கு பேரில் பதினொரு பேர் சொன்னார்கள். முதல் பிள்ளை சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நான்காவது பிள்ளை சொன்னபோது பக்கத்தில் இருந்த நடுவர் டீ வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

வரியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் மறுபடி சொல்கிறது. குழந்தைகள் பட்டினி கிடந்தால் கிடக்கட்டும் என்று வாதாட அந்த அரங்கத்துக்கு யாரும் வரவில்லை. பசியைப் பற்றிப் பேசுவதில் இருக்கிற சங்கடமே இதுதான். மதுவிலக்கு, தேர்வு முறை, தண்ணீர்ப் பங்கீடு என்று பேசினால் எதிர்த்தரப்பு என்று ஒன்று இருக்கும். பசிக்கு எதிர்த்தரப்பு கிடையாது. எல்லோரும் தலையாட்டுவார்கள், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒருவரை இணங்க வைப்பது என்றால் அவர் நிற்கிற இடத்திலிருந்து ஓரடியாவது நகர்த்துவது. அதற்கு முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். பசி என்றதும் நல்ல மனசுக்காரர்களும் மூன்று இடங்களில்தான் போய் நின்றுகொள்கிறார்கள். 'அதெல்லாம் வேற எங்கேயோ நடக்குது' என்பது ஒன்று. 'அதுக்குத்தான் அரசாங்கம் இருக்கே' என்பது இன்னொன்று. 'பாவம்தான், ஆனா நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்' என்பது மூன்றாவது. பேச்சில் பயன்படுகிற உத்திகள் எல்லாம் இந்த மூன்று இடங்களிலிருந்து ஆளைக் கிளப்புவதற்குத்தான். அலங்காரம் அப்புறம்.

இதை என் அக்கா மகளை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும். அக்கா ஏற்காட்டில் ஒரு சின்ன டிபன் கடை வைத்திருக்கிறார். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. 2023 டிசம்பரில் சேலத்தில் ஒரு சங்கத்தார் நடத்திய போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எழுதிய பேச்சைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். தலைப்பு, 'பசியில்லாக் குழந்தைப் பருவம்'. நேரம் ஐந்து நிமிடம். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "பாலுக்கு அழுகின்ற பச்சிளம் பிஞ்சுகள்! பாராமுகமாய்ப் பாரினில் நெஞ்சுகள்!"

"எப்படி மாமா?" என்றாள்.

"காதுக்கு நல்லா இருக்கு கண்ணு. இந்தப் பிஞ்சு எந்த ஊர்ப் பிஞ்சு?"

பதில் இல்லை. சேலத்துக்காரர்களுக்கு அடுக்குமொழி ரத்தத்திலேயே ஊறியது, குற்றம் சொல்ல முடியாது. 1944 ஆகஸ்ட் 27-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்த ஊர் இது. அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவந்த அந்தக் காலத்திலிருந்து எதுகை மோனையோடு பேசினால்தான் பேச்சு என்று பழகிப்போன காதுகள் நம்முடையவை. ஆனால் எதுகை ஒரு சொல்லை நினைவில் நிறுத்தும், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் இல்லையென்றால் ஓசை மட்டும்தான் மிஞ்சும். பிஞ்சுக்கு நெஞ்சு வந்து விழுந்த உடனே கேட்பவர் அடுத்த எதுகைக்குக் காத்திருக்கிறார். பிள்ளையை மறந்துவிடுகிறார்.

அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே இணங்க வைக்கிற வழிகளை மூன்றாகப் பிரித்து வைத்தார். பேசுகிறவர் மேல் வருகிற நம்பிக்கை, கேட்கிறவர் மனத்தில் கிளம்புகிற உணர்ச்சி, பேச்சுக்குள் இருக்கிற காரணம். கிரேக்கத்தில் எத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ். பெயர்கள் மறந்துபோனால் பரவாயில்லை. நீ யார், எனக்கு ஏன் உறுத்த வேண்டும், நீ சொல்வது சரிதானா என்று கேட்பவர் மனத்துக்குள் கேட்கிற மூன்று கேள்விகள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கேள்விக்கு நம் ஊரில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, சின்ன வயதில் தானே பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கொடுத்த கஞ்சியில் உயிர் பிழைத்ததையும் எம்.ஜி.ஆர். சொன்னார். அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும், கட்டுப்படியாகுமா என்று கணக்குக் கேட்டவர்கள் நிறைய. கணக்குக்குப் பதில் கணக்காகத்தான் சொல்ல வேண்டும், அது வேறு. ஆனால் 'உனக்கென்ன தெரியும் பசியைப் பற்றி' என்ற கேள்வி மட்டும் அங்கே எழவே முடியாது. அனுபவம் பேசுகிறவருக்குத் தருகிற பலம் இதுதான்.

பதினேழு வயதுப் பெண்ணுக்கு எந்த அனுபவம்? அவள் பட்டினி கிடந்ததில்லை. டிபன் கடைக்காரர் மகள், இட்லிக்குப் பஞ்சமில்லை. பட்டினி கிடந்தவள் மாதிரி நடிக்கவும் கூடாது. "கடையில நீ காலையில என்ன பார்க்கிறே? அத மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுகிறார்கள். ஏழரை மணி வாக்கில் ஓர் அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடப் பையோடு கடைக்கு வருவார்கள். அந்தப் பெண் பிள்ளை எப்போதும் ஒன்றையேதான் கேட்பாள்: "ஒரு வரக்காப்பி, ரெண்டு டம்ளர்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கு வேண்டியது அந்த நாலு சொல்லில் இருந்தது. பாலில்லாத காப்பி, அதிலும் பாதி. பாவம், பரிதாபம், கொடுமை என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. கேட்பவர் தானே அந்த இரண்டு டம்ளரையும் மனத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். உணர்ச்சியை எழுப்ப வேண்டும் என்றால் உணர்ச்சியின் பெயரைச் சொல்லக் கூடாது, பொருளைக் காட்ட வேண்டும். 'நெஞ்சம் பதைக்கிறது' என்று பேசுகிறவர் சொன்னால் பதைப்பது அவர் நெஞ்சம் மட்டும்தான்.

ஒரு பிள்ளையைக் காட்டுவதற்கும் ஒரு கோடிப் பிள்ளைகளை எண்ணிச் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று பேர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, விருப்பப்பட்டால் அதில் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பட்டினிக்கு நன்கொடை தரலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு மாலி நாட்டு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். அவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரம் மட்டும். அவர்கள் கொடுத்தது 1.14 டாலர். மூன்றாவது குழுவுக்கு ரோக்கியாவும் உண்டு, புள்ளிவிவரமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இன்னும் கூடத்தானே வேண்டும்? கொடுத்தது 1.43.

அக்கா மகளுக்கு இதை நம்பவே முடியவில்லை. எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் வீட்டு வாசலில் யோசித்துப் பார்த்தால் புரியும். ஒரு பிள்ளைக்கு நம்மால் சோறு போட்டுவிட முடியும். லட்சம் பிள்ளைகள் என்றதும் நம் கையில் இருக்கிற சோறு ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது, கை பின்னால் போய்விடுகிறது. மூன்றாவது இடத்தில், 'நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்' என்ற இடத்தில், பேச்சாளரே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எண் இல்லாவிட்டால் அந்த இரண்டு டம்ளர் ஒரு குடும்பத்துக் கதையாகச் சுருங்கிவிடும். 'அவங்க அப்பா குடிக்கிறாரோ என்னவோ' என்று ஒருவர் சொல்லி முடித்துவிடுவார். எண்ணை எப்போது, எந்த அளவில் சொல்கிறோம் என்பதுதான் காரியம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் 35.5 சதவீதம். மேடையில் 'இருபத்தைந்து சதவீதம்' என்றால் அது பள்ளித் தேர்வு மாதிரி இருக்கும். 'நாலு பிள்ளையை வரிசையாக நிறுத்தினால் அதில் ஒன்று' என்றால் கேட்பவர் கண் தானாக நாலாவது பிள்ளையைத் தேடும். அதே நேரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயரக் குறைவு என்பது இன்று காலை சாப்பிடாததைக் காட்டுகிற எண் இல்லை. வயிற்றில் இருந்த காலத்திலிருந்து தொடர்ந்த சத்துக் குறைவும் அடிக்கடி வந்த நோயும் சேர்ந்து விட்டுப்போன தடம் அது. அதைத் தூக்கி 'நாலில் ஒரு பிள்ளை இன்று பட்டினி' என்று மாற்றிச் சொன்னால் பொய். அரங்கத்தில் ஒரே ஒரு டாக்டர் இருந்தால் போதும், பேச்சு முழுவதும் சரிந்துவிடும். அவள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பயங்கரமான எண்ணை இரண்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். யார் எடுத்த கணக்கு என்று கேட்டேன். தெரியாது என்றாள். அடித்தோம்.

அடுத்தது 'அரசாங்கம் இருக்கே' என்ற இடம். தமிழ்நாட்டில் பசியைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நிறையப் பேர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே ஒன்றுமே நடக்காதது போலப் பேசுவார்கள். கேட்பவர் மனத்துக்குள் 'ஏன், சத்துணவு இருக்கே, முட்டை கூடப் போடறாங்களே' என்று ஓடிக்கொண்டே இருக்கும். மனத்துக்குள் ஒருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தால் வெளியே நாம் பேசுவது காதில் விழாது. அதனால் அவருடைய மறுப்பை அவருக்கு முன்பே, அவரைவிட நன்றாக நாமே சொல்லிவிட வேண்டும். அவள் பேச்சில் அந்தப் பகுதியை இப்படி எழுதினோம்:

"இந்த மண்ணில் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது இன்று நேற்று வந்ததில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி கொடுத்தது. 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவும் வந்தது. இந்த வருடம் ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் உப்புமா உண்டு, பொங்கல் உண்டு, கிச்சடி உண்டு. கடைக்கு வருகிற அந்தத் தம்பி மூன்றாம் வகுப்பு. எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிடுவான். அக்கா ஏழாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம், அதே வராண்டா. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பசியும் முடிந்துவிடுமா?"

இதில் நடக்கிறதைப் பாருங்கள். முதலில் 'ஆமாம்' என்கிறாள். நூறு வருடத்து 'ஆமாம்'. எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் ஒரு பங்கு அதில் இருக்கிறது, யாரும் முகத்தைச் சுளிக்க முடியாது. பிறகு இரண்டு டம்ளர் திரும்ப வருகிறது. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன, இப்போது ஒரு டம்ளர் தனியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் கேள்வி. பதில் எல்லோருக்கும் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்க வேண்டும் என்றால், பதிலைக் கேட்பவரே மனத்துக்குள் சொல்லிவிடுவதற்காகத்தான். நாம் சொன்னதை அவர் மறுக்கலாம். அவரே சொன்னதை எப்படி மறுப்பார்?

காமராஜர் என்றதும் ஆடு மேய்க்கிற பையனிடம் அவர் பேசிய கதையையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு, போனால் யார் சோறு போடுவார்கள் என்று பையன் திருப்பிக் கேட்டதாகச் சொல்லப்படும் கதை. மேடைக்கு ஏற்ற அருமையான கதைதான். ஆனால் அதை ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாகச் சொல்வார்கள். போட்டியில் இன்னும் நாலு பேர் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தவிர, கையில் சொந்தமாக ஒரு பிள்ளை இருக்கும்போது இரவல் பிள்ளை எதற்கு? விட்டுவிட்டோம்.

அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று எண்ணும் அளவுக்குச் சும்மா நிற்கச் சொன்னேன். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "மறந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க மாமா." நினைக்க மாட்டார்கள். வேகமாகப் பேசுகிறவர்தான் மறந்துவிடுவாரோ என்று பயப்படுகிறார் என்று அரங்கத்துக்குத் தெரியும். என் மேஜையில் இருந்த டைம்பீஸை வைத்து நாலு நாள் பழகினாள்.

ஓசை நயத்தை முழுக்கக் கைவிட்டுவிட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே தொடக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்பவருக்கு ஒரு தாளத்தைக் கொடுக்கும். அவள் எழுதியது இது: "பசித்த பிள்ளை பாடம் கேட்காது. பசித்த பிள்ளை சண்டைக்கும் போகாது. பசித்த பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கிறதுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்." முதல் இரண்டும் சின்ன வாக்கியங்கள், இரண்டுமே இல்லை என்று சொல்பவை. அதே அச்சில் மூன்றாவதும் வரும் என்று காது தயாராகிறது. அங்கே வாக்கியம் நீண்டு ஒரு காட்சியாகிவிடுகிறது. மூன்றாவதும் 'விளையாடாது' என்று போயிருந்தால் அது பட்டியல். நான்காவதாக ஒன்று சேர்த்தால் வாய்ப்பாடு. இந்த வரிக்கு நான் ஒரு சொல்கூடத் திருத்தவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

தமிழில் கைவசம் ஒரு கருவியும் இருக்கிறது. அதைக் கவனிக்காமலே பலர் பேசுகிறார்கள். நமக்கு 'நாம்' என்றும் உண்டு, 'நாங்கள்' என்றும் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் அவரையும் இழுத்து உள்ளே உட்கார வைத்தாயிற்று. அவள் முதல் எழுத்தில் "ஏழைக் குழந்தைகளாகிய அவர்களுக்கு நாங்கள் உதவ வேண்டும்" என்று இருந்தது. பசித்த பிள்ளைகள் ஒரு பக்கம், உதவுகிற கூட்டம் ஒரு பக்கம், அரங்கத்தில் இருப்பவர் இரண்டிலும் இல்லை. "நம்ம மலை, நம்ம பிள்ளைங்க" என்று மாற்றியதும் கோரிமேட்டுக்காரரும் அம்மாபேட்டைக்காரரும் அதில் வந்துவிட்டார்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு எப்போதுமே 'நம்ம மலை'தான், ஞாயிற்றுக்கிழமையானால் தெரியும்.

மூன்றாவது இடம் மிச்சம் இருக்கிறது. 'நான் என்ன பண்ண முடியும்?' பேச்சின் கடைசியில் "ஆகவே பசியில்லா உலகம் படைப்போம்" என்று முடித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. உலகம் படைக்கிற வேலையை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்குவது? கேட்பது சின்னதாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், கேட்கிற இடத்தில் இருப்பவரால் முடிவதாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் 41 பிள்ளைகள். ஓர் அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் என்று வைத்தால் தலைக்குப் பன்னிரண்டு ரூபாய், மொத்தம் 492. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, வாங்கிக்கொள்கிறோம் என்ற சொல்லையும் வாங்கி வைத்துக்கொண்டாள். இது முக்கியம். 'சரி, தர்றேன், எங்கே தர்றது?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாது.

"மாதத்தில் இருபத்திரண்டு நாள் பள்ளிக்கூடம். இந்த அரங்கத்தில் இருபத்திரண்டு பேர், ஆளுக்கு மாதத்தில் ஒரு நாள், ஐந்நூறு ரூபாய். ஒரு குடும்பம் ஏற்காட்டுக்கு வந்து ஏரியில் படகில் ஒரு சுற்றுச் சுற்றி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்குகிற செலவுக்குள் அடங்கிவிடும். நோட்டு வாசலில் இருக்கிறது." இதுதான் அவளுடைய கடைசிப் பத்தி. எட்டு கோடிப் பேரிடம் கேட்டால் யாரும் தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு பேர் என்றதும் ஒவ்வொருவரும் அந்த எண்ணிக்கையில் தன்னைச் சேர்த்து எண்ணிப் பார்க்கிறார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செலவு செய்கிற அதே பணத்தோடு ஒப்பிட்டதும் வேலை செய்தது.

சொந்தக்காரப் பெண் என்பதால் அந்த வருடம் நான் நடுவராகப் போகவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பரிசு. முதல் பரிசு அந்தக் கவிதை வரியோடு தொடங்கிய பையனுக்குப் போனது, நல்ல குரல் அவனுக்கு, தகுதியானவன்தான். நோட்டில் ஒன்பது பேர் பெயர் எழுதினார்கள். இருபத்திரண்டு நிரம்பவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் முட்டையும் பழமும் மலைக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஜனவரியில் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்களுக்கு முன்னால் பேச வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் அதே பேச்சோடு போனாள், நானும் கூடப் போனேன். சில்வர் ஓக் மர நிழலில் பாய் விரித்திருந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் தோட்ட வேலையிலிருந்து நேராக வந்த பெண்கள். டம்ளர் கதையை அவள் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, கோபமில்லாமல்தான், கேட்டார்:

"எங்க பசிய எங்களுக்கே சொல்றியா கண்ணு?"

அவள் நிறுத்திவிட்டாள். நான் பழக்கிவிட்ட மூன்று எண்ணுகிற மௌனம் இல்லை அது.

தப்பு அவளுடையது இல்லை, எழுதிக் கொடுத்தவனுடையது. சேலத்து அரங்கத்தில் கேட்பவர்கள் பார்க்காத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது, அதனால் டம்ளர். மலையில் அதைக் காட்டுவது, தெரிந்ததைச் சொல்வது மட்டும் இல்லை, அவமானப்படுத்துவது. சின்ன ஊர். வரக்காப்பி வாங்குகிற அக்கா தம்பி யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயர் சொல்லாமல் விட்டதால் மட்டும் ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட முடியாது. நான் நடுவராக இருந்த காலத்தில் பசித்த குழந்தையின் போட்டோவை அட்டையில் ஒட்டித் தூக்கிக் காட்டிய பேச்சுகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இப்போது போட மாட்டேன். அந்தப் போட்டோவில் இருக்கிற பிள்ளை நாளைக்கு அந்த அரங்கத்தில் வந்து உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்த உணர்ச்சியும் பேச்சுக்கு வேண்டாம்.

அன்றைக்கு அவள் சமாளித்த விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். தாளை மடித்து வைத்துவிட்டு, "தப்புத்தாங்க. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் எங்கிட்ட இல்ல. ஒரு தேதி மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றாள். ஜனவரி 26 கிராம சபை. காலை உணவை எட்டாம் வகுப்பு வரை கொடுக்க வேண்டும் என்று கேட்டுத் தீர்மானம் எழுத வைக்கலாம், அதற்கு ஆள் வந்தால் போதும். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. உணர்ச்சி ஏற்கெனவே அங்கே இருந்தது, காரணமும் இருந்தது. எங்கே, எப்போது போய்க் கேட்பது என்பது மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

26-ஆம் தேதி நானும் போயிருந்தேன். தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை என்று ஒன்றரை மணி நேரம் போனது. அவள் பேச எழுந்திருக்கவே இல்லை. பின்வரிசையில் இருந்த அதே அம்மாதான் எழுந்தார். மைக்கைக் கையில் வாங்கவில்லை.

"ஆறரைக்கு நான் தோட்டத்துக்குப் போயிடறேன். சின்னவன் பள்ளிக்கூடத்துல சாப்பிடறான், பெரியவ அவன் சாப்பிடறதப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். செயலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக்குங்க" என்றார் அந்த அம்மா.